பிழை நீங்கியது என்று யார் சொல்வது?

வீட்டு மிக்ஸி பழுதானால் அபர்டீன் பஜாரில் ஏதாவதொரு ரிப்பேர் கடையில் கொடுக்கிறோம். கடைக்காரர் துண்டுச் சீட்டில் ஓர் எண் எழுதித் தருகிறார். இரண்டு நாள் கழித்துப் போனால் நம் கண்ணெதிரே ஓட்டிக் காட்டுகிறார். சத்தம் சரியில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுகிறோம், அவரும் அங்கேயே திருகாணியைக் கழற்றுகிறார். பழுதைச் சொன்னவரும் பழுது பார்த்தவரும் ஒரே மேஜைக்கு இரு புறமும் நிற்பதால் இது நடக்கிறது.

கணிப்பொறி மென்பொருளில் அந்த மேஜை கிடையாது. பிழையைக் கண்டவர் டிக்லிபூரில் இருப்பார். திருத்துகிறவர் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இருப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் போவதில்லை. அதனால் திருத்தும் வேலை முடிந்த பிறகும் இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது. பிழையைச் சொன்னவரைத் தேடிப் பிடித்து, 'ஐயா, நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது, ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்பதுதான் அது. மென்பொருள் தொழிலில் மிகச் சுலபமாக மறந்துபோகிற வேலையும் இதுதான். இதைப் பற்றி நம் சங்க வாசகர்கள் தெரிந்துகொள்வது இரண்டு விதத்தில் பயன்படும். வங்கி, கப்பல் டிக்கெட், கல்வி உதவித்தொகை, ரேஷன் என்று எல்லாமே இன்று திரையில் நடக்கின்றன; பிழை வந்தால் புகார் செய்ய வேண்டியவர்கள் நாம்தான். நம் பிள்ளைகளில் பலர் பெருநிலத்துக்குப் போய் அந்த மென்பொருளை எழுதுகிற வேலையிலும் இருக்கிறார்கள்.

இத்தகைய பிழையை ஆங்கிலத்தில் பூச்சி என்ற பொருளில் 'பக்' என்கிறார்கள். 1947ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி ஒன்றில் நிஜமாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கிக்கொண்டது. ஊழியர்கள் அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். சொல் அதற்கு முன்பே, எடிசன் காலத்திலேயே வழக்கில் இருந்ததுதான். ஆனாலும் அந்தப் பூச்சி ஒட்டிய பக்கம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

நம் வீடுகளில் வழக்கமாக வரும் சங்கடம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தமிழ் முறைப்படி பெண்ணின் பெயர் ச. மீனாட்சி. இணையப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை அதில் இட்டால், குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று படிவம் அடம்பிடிக்கிறது. பக்கத்து வீட்டு வங்காளக் குடும்பத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு மண்டல் என்றோ பிஸ்வாஸ் என்றோ ஒரு பெயர் தயாராக இருக்கிறது. மீனாட்சியின் தகப்பனார் புகார் எழுதுகிறார், எண் ஒன்று வருகிறது. பத்து நாள் கழித்து 'உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தியும் வருகிறது. முடிந்தது என்ன என்று அதில் இல்லை.

அந்தப் பத்து நாளில் உள்ளே என்ன நடந்திருக்கலாம்? முதலில் ஒருவர் அந்தப் பிழையைத் தம் கணிப்பொறியில் மறுபடி வரவழைத்துப் பார்த்திருப்பார். வந்தால்தான் திருத்த முடியும். பிறகு ஒருவர் நிரலில் இரண்டு வரி மாற்றியிருப்பார். அன்றைக்கே அவர் கணக்கில் பிழை தீர்ந்துவிட்டது. ஆனால் அந்த மாற்றத்தைச் சோதிக்க வேண்டும், அடுத்த பதிப்போடு சேர்த்து வெளியிட வேண்டும், அந்தப் பதிப்பு நம் கைப்பேசிக்கு வந்து சேர வேண்டும். திருத்திய நாள், வெளியிட்ட நாள், வந்து சேர்ந்த நாள் ஆகிய மூன்றும் வேறு வேறு. 'முடித்துவைக்கப்பட்டது' என்கிற செய்தி பெரும்பாலும் முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ கிளம்பிவிடுகிறது. மூன்றாம் நாள் வந்தால்தான் மீனாட்சிக்குப் பிரயோஜனம்.

இந்த மூன்றாம் நாள் நம் தீவுகளில் எவ்வளவு தள்ளிப் போனது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து கடலடி ஆப்டிகல் கேபிள் இயங்கத் தொடங்கும் வரை நமக்கு வெளியுலகத் தொடர்பெல்லாம் செயற்கைக்கோள் வழியாகத்தான் இருந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு என்று திட்டமிட்ட அந்தக் கேபிள் போர்ட் பிளேரோடு நிற்காமல் ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்டு, ரங்கத், ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்டா, காம்ப்பெல் பே வரை போகிறது. அதற்கு முன்பு ஒரு பெரிய புதுப்பிப்பை இறக்கிக்கொள்வது என்றால் ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும்; பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்தி வைப்பதே புத்திசாலித்தனமாக இருந்தது. அந்தப் பழக்கம் கேபிள் வந்த பிறகும் பல வீடுகளில் போகவில்லை. பெங்களூரில் திருத்தி முடித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்வதும், இங்கே அதே பிழை வருகிறது என்று நாம் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். அவர்கள் அனுப்பும் பதிலில் எந்தப் பதிப்பு எண்ணில் பிழை நீங்கியது என்று ஒரே ஒரு விவரம் இருந்தால், இந்த வழக்கு ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

பதில் சொல்வதை மனிதரின் ஞாபகத்துக்கு விடாமல் ஏற்பாட்டிலேயே சேர்த்துவிட்டவர்களும் உண்டு. டெபியன் என்பது உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து இலவசமாக உருவாக்கித் தரும் ஒரு இயங்குதளம். அதற்காக 1994ல் இயன் ஜாக்சன் என்பவர் ஒரு பிழைப் பதிவேட்டை அமைத்தார். யார் வேண்டுமானாலும் ஒரு மின்னஞ்சல் எழுதிப் பிழையைப் பதியலாம். அதற்கு ஓர் எண் கிடைக்கும். திருத்துகிறவர் அந்தப் புகாரை முடிக்க வேண்டுமென்றால், பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்விட முடியாது. அந்த எண்ணுக்கென்று உள்ள முகவரிக்கு, ஏன் முடிக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தைப் பதிவேடு தானாகவே புகார் செய்தவருக்கு அனுப்பிவிடும். புகார் செய்தவருக்குத் திருப்தியில்லை என்றால் அதே எண்ணைத் திரும்பத் திறக்கலாம். இவை எல்லாம் பொதுவில் எவரும் படிக்கும்படி கிடக்கின்றன. முப்பது ஆண்டுகளாக இது நடக்கிறது. எந்த முதலாளியும் சம்பளமும் இல்லாத இடத்தில் இந்த ஒழுங்கு இருப்பதும், கோடிக்கணக்கில் புழங்கும் இடங்களில் இல்லாமல் இருப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

நெட்ஸ்கேப் நிறுவனத்தின் உலாவியை ஒட்டிப் பிறந்த மொஸில்லா திட்டம் 1998ல் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட பக்ஸில்லா என்ற பதிவேடும் இதே வழியில் வந்தது. அதில் 'திருத்தப்பட்டது' என்பது ஒரு நிலை. வேறொருவர் பார்த்துச் 'சரிபார்க்கப்பட்டது' என்பது அதற்கடுத்த தனி நிலை. உங்கள் புகார் ஏற்கெனவே வேறொருவர் சொன்னதுதான் என்று தெரிந்தால், அதை மூடும்போது உங்கள் பெயரைப் பழைய புகாரின் செய்திப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அது தீரும்போது உங்களுக்கும் தெரியும். 'எங்கள் கணிப்பொறியில் ஒழுங்காகத்தானே வேலை செய்கிறது' என்று சொல்லி மூடுவதற்கும் அதில் ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். அரசு அலுவலகங்களில் பழகிய நமக்கு அந்த நிலை புதிதல்ல.

இந்த மரியாதையை ஒரு கலையாகவே செய்தவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கனூத். கணித நூல்களை அச்சுக் கோக்க அவர் எழுதிய டெக் என்ற மென்பொருளில் பிழை கண்டு சொல்கிறவருக்குப் பரிசுப் பணம் தருவதாக அறிவித்தார். தொகை ஆண்டுக்காண்டு இரட்டிப்பாகி 327 டாலர் 68 சென்ட் என்று நின்றது. அவருடைய புத்தகங்களில் பிழை கண்டால் 2 டாலர் 56 சென்ட். காசோலையைப் பணமாக மாற்றாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவர்களே அதிகம். காசோலை மோசடிக்குப் பயந்து 2008 முதல் கற்பனையான ஒரு வங்கியின் பெயரில் சான்றிதழ் தருகிறார். டெக்கைப் பற்றி வந்து சேரும் புகார்களை இப்போது பல ஆண்டுகளுக்கு ஒரு முறை மொத்தமாக எடுத்துப் பார்க்கிறார். 2014ல் பார்த்தார், 2021ல் பார்த்தார், அடுத்தது 2029 என்று அறிவித்திருக்கிறார். ஏழெட்டு வருஷம் என்பது நீண்ட காலம்தான். ஆனால் எப்போது பார்க்கப்படும் என்று சொல்லிவிட்டதால் எழுதியவர் கிணற்றில் கல் போட்டவராக ஆகிவிடவில்லை.

பதில் சொல்லாமல் விட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கத் தோன்றும். பிரிட்டனில் பல குடும்பங்களின் குடியே முழுகியது.

அங்கே கிளைத் தபால் நிலையங்களைத் தனியார் ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துவது வழக்கம். கடை வைத்திருக்கும் குடும்பங்கள், அவற்றில் நம் இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களும் நிறைய, தபால் கவுண்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். 1999 முதல் அவர்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் தரப்பட்டது. தயாரித்தது ஃபுஜிட்ஸு நிறுவனம். நாள் முடிவில் கணக்குப் பார்த்தால் பணம் குறைவதாக அது சில கிளைகளில் காட்டியது. கிளைக்காரர்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டால், வேறு யாருக்கும் இப்படி வருவதில்லை, உங்களுக்கு மட்டும்தான் என்ற பதிலே பலருக்கும் கிடைத்தது. ஒப்பந்தப்படி குறைந்த பணத்தை அவர்களே கட்ட வேண்டும். வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்குப் போட்டார்கள். 1999க்கும் 2015க்கும் இடையில் தண்டிக்கப்பட்டவர்கள் 900க்கும் மேல்.

உள்ளே பொறியாளர்களுக்குப் பிழைகள் தெரிந்துதான் இருந்தன. காலண்டர் ஸ்கொயர் என்ற கிளையின் பெயரால் அறியப்பட்ட பிழை பல ஆண்டு இருந்து 2006ல் திருத்தப்பட்டது. 2010ல் வேறொரு பிழை ஏறக்குறைய 40 கிளைகளைப் பாதித்திருப்பது தெரிந்து, இரு நிறுவன அதிகாரிகளும் கூடிப் பேசினார்கள். இது வெளியே தெரிந்தால் மென்பொருள் மீது நம்பிக்கை போய்விடும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளும் பாதிக்கப்படலாம் என்ற கவலை அந்தக் கூட்டத்தின் குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதே 2010 அக்டோபரில் சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்மணி நீதிமன்றத்தில் மென்பொருள்தான் தவறு என்று வாதாடிக்கொண்டிருந்தார். பிழையைப் பற்றிய செய்தி அவர் தரப்புக்குச் சொல்லப்படவில்லை. அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, நவம்பரில் 15 மாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவர் கர்ப்பிணி. 2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் சீமா மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. மிச்சமிருந்தவர்களுக்காக 2024ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பிழை திருத்தப்படாதது மட்டும் அந்தக் குடும்பங்களைக் கெடுக்கவில்லை. சில பிழைகள் திருத்தப்பட்டும்விட்டன. 'போன மாதம் உங்கள் கணக்கில் குறைந்த பணம் எங்கள் பிழையால் குறைந்தது' என்று யாரும் அவர்களிடம் போய்ச் சொல்லவில்லை. திருத்தம் வரப்போகிற கணக்கைத்தான் சரியாக்கும். போன மாதத்துக் கணக்கு தவறாகவே கிடக்கும். அதைத் தேடிச் சரிசெய்யச் சொன்னவரின் உதவி வேண்டும்.

இனி நம் ஊருக்கே வருவோம். 2024 செப்டம்பர் 13ஆம் தேதி போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான் என்பது வேறு விஷயம். ஆனால் புதுப் பெயரின் முதல் எழுத்தில் தமிழ்க் கணிப்பொறியின் பழைய பிழை ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது.

கணிப்பொறி எழுத்துகளை எண்களாகத்தான் வைத்துக்கொள்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை உலகம் முழுவதற்கும் பொதுவாக யூனிகோடு என்ற தரம் வகுக்கிறது. 'ஸ்ரீ' என்ற கூட்டெழுத்து ஒலிப்படி ஶ என்ற கிரந்த எழுத்திலிருந்து வருவது. அந்த எழுத்துக்கு யூனிகோடில் முதலில் இடமே இல்லை. எனவே 'ஸ்', 'ரீ' இரண்டையும் சேர்த்து அந்த வடிவத்தை வரவழைத்தார்கள். 2005ல் வந்த 4.1ஆம் பதிப்பில் ஶ எழுத்துக்கு இடம் தரப்பட்டது. தமிழ் எண் பூஜ்யமும் அதே பதிப்பில்தான் வந்தது. இனிமேல் 'ஶ்' சேர்த்து எழுதுவதே முறை என்றும் சொல்லப்பட்டது. குறை நீங்கியது. ஆனால் சங்க மலருக்குத் தட்டச்சு செய்கிறவருக்கும், பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறவருக்கும் இதை யார் வந்து சொன்னார்கள்? தரத்தின் குறிப்புகளை எழுத்துரு செய்கிறவர்கள் படிப்பார்கள், நாம் படிப்பதில்லை.

விளைவு என்னவென்றால், இன்று சில விசைப்பலகைகள் பழைய முறையிலும் சில புதிய முறையிலும் 'ஸ்ரீ' எழுதுகின்றன. திரையில் இரண்டும் அச்சாக ஒன்று போலவே தெரியும். உள்ளே எண்கள் வேறு. இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்று யூனிகோடே பரிந்துரைக்கிறது; எல்லா மென்பொருளும் அதைக் கேட்பதில்லை. ஒரு பட்டியலில் ஸ்ரீதர், ஸ்ரீதேவி, ஸ்ரீநிவாசன் என்று தேடினால் 'இல்லை' என்று வரும். கண்ணுக்கு எதிரே பெயர் இருக்கும். இனி ஊர்ப் பெயரே அப்படித் தொடங்குவதால் தமிழில் முகவரி எழுதும் ஒவ்வொரு பட்டியலிலும் இது வரலாம். இருபது வருஷத்துக்கு முன் தீர்த்த குறை, தீர்த்ததைச் சொல்லாததால் புதுக் குறையாகித் திரும்பி வந்திருக்கிறது.

மென்பொருள் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பதில் எழுதும்போது 'பிழை தீர்ந்தது' என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன தவறாக இருந்தது என்று சாதாரண வார்த்தையில் இரண்டு வரி, எந்தப் பதிப்பில் நீங்கியது, அது எங்கே கிடைக்கும், ஏற்கெனவே கெட்டுப்போன பதிவை என்ன செய்வது, பார்த்துவிட்டு யாருக்கு எழுதுவது. இவ்வளவு இருந்தால் போதும். திருத்தப் போவதில்லை என்று முடிவானால் அதையும் சொல்லிவிடுங்கள். மீனாட்சியின் தகப்பனாருக்கு அது தெரிந்தால், இன்றைக்கே தம் பெயரை முழுசாகக் கட்டத்தில் எழுதி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு வேறு வேலை பார்ப்பார். கடைசித் தேதிவரை காத்திருக்க மாட்டார். புகார் எழுதியவர் தமிழில் எழுதியிருந்தால் தமிழிலேயே பதில் போடுவது இன்னும் உத்தமம்.

புகார் செய்கிறவர்களாகிய நாமும் சிலவற்றைச் செய்யலாம். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில், என்ன எழுதினோம், திரை என்ன சொன்னது, செயலியின் பதிப்பு எண் என்ன என்பவற்றைத் திரைப்படத்தோடு அனுப்ப வேண்டும். வந்த எண்ணைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. மத்திய அரசின் இணையதளங்கள் பற்றிய புகாருக்குப் பதிலே வராவிட்டால் சிபிகிராம்ஸ் எனப்படும் குறைதீர்ப்புத் தளம் 2007 முதல் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அதன் பதில் கெடு 21 நாளாகக் குறைக்கப்பட்டது. தீர்ந்தது என்று சொன்ன பிறகு நம் கருத்தைக் கேட்கிறார்கள்; 2022 முதல் அதற்கென்று தொலைபேசி மையமும் இருக்கிறது. திருப்தியில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கருத்துக் கேட்கும் அழைப்பை ஏதோ விளம்பரம் என்று நினைத்துத் துண்டித்துவிடுகிறவர்கள் நம்மில் உண்டு.

'முடித்துவைக்கப்பட்டது' என்ற செய்தி வந்ததும் முதலில் செயலியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கட்டத்தில் அதே பெயரை மறுபடி இட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் 'பார்த்தேன், சரியாகிவிட்டது' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிக்காகக் காத்திருக்கிற இளைஞர் ஒருவர் அந்தப் பக்கத்தில் இருக்கிறார். ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், அதே எண்ணின் கீழ்ப் புதுத் திரைப்படத்தோடு திருப்பி அனுப்புங்கள். கோபத்தில் புதுப் புகார் கொடுத்துப் புது எண் வாங்காதீர்கள். வாங்கினால் அவர்கள் கணக்கில் பழையது தீர்ந்த புகாராகவே நிற்கும், உங்கள் இடம் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.